நாலாவது விடை

அன்று காலை வரிசையில் அடுத்ததாக வந்த கோப்பைத் திறக்கப் போனவள், மேலே இருந்த பெயரைப் படித்ததும் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் பெயர். அம்மாவின் பிறந்த தேதி. அதன் கீழே சாம்பல் நிறத்தில் 'கல்லீரல் பிரிவு' என்றிருந்தது.

மருத்துவர்கள் எழுதும் வாக்கியங்களை எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகளாக மாற்றுவது அவள் வேலை. யாருக்கு என்ன நோய், எதனால் வந்தது, எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதெல்லாம் அந்த மருத்துவமனையை விட்டு வெளியே போவது குறியீடுகளாகத்தான். காப்பீட்டுக்காரர்கள் படிப்பது அதை. வேலை கொடுத்தவர்கள் உடல்தகுதிச் சான்று கேட்டால் அவர்களுக்குப் போவதும் அதுதான்.

திரையின் மூலையில் 'உறவினர்' என்று ஒரு பொத்தான் உண்டு. சொந்தக்காரர்களின் கோப்பு வந்தால் அதை அழுத்த வேண்டும். கோப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அழுத்தியவருக்கு அது மறுபடி திறக்காது. அவள் அழுத்தினாள். வாசலில் வந்து நின்ற அம்மாவின் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது.

எதிர் மேசையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அங்கே இருந்தவன் அவள் வயதுக்காரன். எதையும் கடைசி எழுத்துவரை படிப்பான், அதனால் அறையில் அவன் பெயர் ஆமை. அதற்காக அவன் கோபப்பட்டதில்லை. கோபம் கிளம்பிவிட்டது, இன்னும் வந்து சேரவில்லை என்பது மற்றவர்களின் கணிப்பு. வேலைக்கு நடுவே கூரையோரத்துச் சின்ன ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடும் அவளுக்கு மேகம் என்று பெயர் வைத்தது அவன்தான்.

"உனக்கு வந்துச்சா?" என்றாள்.

"எது?"

"எங்க அம்மாவோடது."

"எந்த அம்மா? எனக்கு வர்ற கோப்புக்கெல்லாம் அம்மாவும் கிடையாது, பொண்ணும் கிடையாது. எல்லாமே அநாதைங்க."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. குறியீட்டு அறை அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கு அடுத்து இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய இயந்திரங்கள் போர்வைகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து, மேல் தளத்தில் யார் யாரோ பயணம் செய்வதை எழுதிக்கொண்டிருப்பதாக அவளுக்குச் சில நாள் தோன்றும். அன்று கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தாள். எதிரே மலைப்பாதையின் வரைபடம். அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். மலைப்பாதைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் மனுப் போட்டு, ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறிவிட்டாள். அந்தப் பணிமனையில் அந்தப் பாதைக்குத் தேறிய முதல் பெண் அவள்தான். மீதியிருந்தது உடல்தகுதிச் சான்று மட்டும்.

"இது என்ன வளைவு தெரியுமா?" என்றாள் அம்மா, தட்டை முழுக்க ஒடித்து. "மாமியார் வளைவு. முன்னால ஒன்னும் தெரியாது, பின்னால இருந்து சத்தம் மட்டும் வந்துட்டே இருக்கும். அடுத்தது மாப்பிள்ளை வளைவு. யாரா இருந்தாலும் அவனுக்கு வழி விட்டே ஆகணும்."

"யாரும்மா இப்படிப் பேர் வைக்கிறது?"

"பழைய டிரைவர்கள்தான். எல்லாம் கல்யாணம் ஆனவனுங்க."

அவள் சிரித்தாள். கைப்பையை மாட்டும்போது, அலமாரிமேல் கிடந்த ஸ்கேன் அறிக்கை கண்ணில் பட்டது. அம்மா அதைக் கோழிமுட்டை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். ஒளித்து வைக்கவில்லை. அம்மாவுக்கு அது ஒரு காகிதம், அவ்வளவுதான். பணிமனையின் வருடாந்தரச் சோதனையில் கல்லீரலில் கொழுப்பு இருப்பது தெரிந்து, அவள் வேலை பார்க்கும் பெரிய மருத்துவமனையில் காட்டச் சொன்னார்கள். அங்கே கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேனை எடுத்தார்கள். அதில் வந்த எண் பதிமூன்று புள்ளி ஆறு.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"எத்தனை தடவை கேப்ப? கொழுப்பு இருக்குன்னாங்க. அது உனக்கும் எனக்கும் எப்பவும் இருக்கிறதுதானே. நடங்க, எடையைக் குறைங்கன்னாங்க."

"இந்த எண்ணைப் பத்தி?"

"எண்ணைப் பத்தி ஒன்னும் சொல்லலை. வெளியில நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க, அந்தம்மா பாவம் தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கலை."

அவள் அந்தக் காகிதத்தை மறுபடி படித்தாள். அவள் மருத்துவர் அல்ல. ஒரு எண்ணைப் பார்த்து இன்ன நோய் என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு இல்லை. சோதனை முடிவு என்ன சொன்னாலும், மருத்துவர் வாயால் சொல்லாத நோய்க்குக் குறியீடு போடக் கூடாது என்பதுதான் முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் எத்தனை கோப்புகள் அவள் கண் வழியாகப் போயிருக்கின்றன. இப்படிப்பட்ட எண்களின் பக்கத்தில் மருத்துவர்கள் எழுதும் சொல் அவளுக்குத் தெரியும். தழும்பு. கொழுப்பு சேர்ந்து, வீங்கி, ஆறி, மறுபடி வீங்கி, கடைசியில் கல்லீரலில் விழும் தழும்பு.

ஒரு தையல்காரரின் கோப்பு ஞாபகம் வந்தது. வருடா வருடம் 'கல்லீரலில் கொழுப்பு' என்ற ஒரே வரி. வருடா வருடம் கே 76.0 என்ற ஒரே குறியீடு. அந்தக் குறியீட்டைப் பார்த்து யாரும் அவரைத் தேடவில்லை, ஏனென்றால் பாதி ஊருக்கு அந்தக் குறியீடு இருக்கும். பிறகு ஒரு வருடம் அவர் வயிறு நிறைய நீரோடு வந்தார். அந்தக் கடைசிக் கோப்புக்குக் குறியீடு போட்டவள் அவள்தான். முகம் தெரியாத அந்த மனிதரை அவள் பலநாள் மனதுக்குள் உருவாக்கி வைத்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். இப்போது அவர் சத்தமில்லாமல் வந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒருவேளை வேற ஏதாவது இருந்தா?" என்றாள்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "இருந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். வெறும் கொழுப்புன்னா மலைப்பாதை. தழும்பு அது இதுன்னு எழுதிட்டா டிக்கெட் கவுன்ட்டர். கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து சில்லறை எண்ணணும். அதுதான் உனக்கு வேணுமா?"

"எனக்கு நீ வேணும்."

"நான் எங்கயும் போகலை. மலைக்குத்தான் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் ஆமையின் எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் ஒரு முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். முட்டை உரிப்பதை அவ்வளவு நேரம் செய்ய முடியும் என்பதை அவனைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

குறிப்பில் தெளிவில்லை என்றால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்பலாம். அதற்கும் ஒரு விதி இருந்தது. விடையைக் கேள்விக்குள் வைத்து ஊட்டக் கூடாது. கோப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லி, நான்கு விடைகளைக் கொடுத்து, எது சரி என்று கேட்க வேண்டும். நாலாவது எப்போதும் 'இப்போது முடிவு செய்ய இயலவில்லை'. கல்லீரல் மருத்துவருக்கு எந்தக் கேள்வி போனாலும் பெரும்பாலும் திரும்பி வருவது அந்த நாலாவதுதான். அதனால் அடித்தளத்தில் அவருக்கு 'நாலாம் நம்பர்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்துத் தள்ளும் அவர், கேள்விகளையும் அப்படித்தான் தள்ளுகிறார் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தை முட்டை ஓட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். அதில் எழுதியிருந்தது: 'அறிக்கையில் உள்ள எண்ணின்படி நோயாளிக்குக் கல்லீரலில் தழும்பு ஏற்பட்டிருப்பதாகத் தெரிகிறது. அதைக் குறிப்பில் சேர்த்து உதவவும்.'

ஆமை கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். மறுபடி படித்தான்.

"இது என்ன?"

"கேள்வி."

"இது கேள்வி இல்ல மேகம். குழந்தையோட வாயைப் பொளந்து ஸ்பூனைத் திணிக்கிற வேலை."

"நாலு விடை கொடுத்தா அவங்க நாலாவதைத் தொட்டுட்டுப் போயிடுவாங்க. உனக்குத் தெரியாதா?"

"தொடட்டும். தொடுறது அவங்க வேலை. கேக்குறது நம்ம வேலை."

"அவங்க தொடுறதுல ஒரு ஆளோட உசுரு இருக்கு."

"எல்லாக் கோப்புலயும் ஒரு ஆளோட உசுருதான் இருக்கு. நேத்து நீ முடிச்ச இருபது கோப்புல எத்தனை பேருக்காக இப்படித் துண்டுச் சீட்டு எழுதின?"

அவளுக்கு முகம் சிவந்தது. "உங்க அம்மாவா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"எங்க அம்மாவா இருந்தா பொத்தானை அழுத்திட்டு, இதே மாதிரி உன் முன்னால வந்து உக்காந்து கெஞ்சியிருப்பேன். நீ முடியாதுன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருக்க மாட்டேன். எழுதிக் கொடுத்திருப்பேன்."

"அப்படின்னா அதுக்கப்புறம் எந்தக் கோப்புலயும் உன்ன நம்பியிருக்க மாட்டேன்." அவன் காகிதத்தை நான்காக மடித்து அவள் பக்கமே நகர்த்தினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கேள்வி போயிடுச்சு. கேக்க வேண்டியதைக் கேக்க வேண்டிய மாதிரி கேட்டிருக்கேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னாலும் ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். முட்டை வேணுமா?"

"உன் முட்டையை நீயே வச்சு அடைகாத்துக்கோ," என்று சொல்லி அவள் எழுந்து போய்விட்டாள்.

பதில் வந்தது அவளுக்கு ஆமை மூலம் தெரியவில்லை, அம்மா மூலம் தெரிந்தது. நோயாளிகள் தங்கள் குறிப்பைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா போனை நீட்டினாள். அன்று கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் வைத்துத் தலை சீவி, முன்னாடியே மலைக்குப் போய் வந்தவள்போல் பளபளவென்று இருந்தாள்.

"பாத்தியா? படி. சத்தமாப் படி."

'கல்லீரலில் கொழுப்பு. நோயின் நிலை: இப்போது முடிவு செய்ய இயலவில்லை.'

"முடிவு செய்ய ஒன்னும் இல்லைன்னு டாக்டரே போட்டுட்டாங்க. இத அப்படியே பணிமனைக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

"அம்மா, ஒன்னும் இல்லைன்னு போடலை. முடிவு செய்ய முடியலைன்னு போட்டிருக்காங்க."

"ரெண்டும் ஒன்னுதான்."

"ரெண்டும் ஒன்னு இல்ல." அவள் போனை மேசைமேல் வைத்தாள். நாலாம் நம்பர். நாற்பது பேர் வெளியே உட்கார்ந்திருக்க, கட்டைவிரலால் ஒரு தட்டு. அம்மா கே 76.0 ஆகிவிட்டாள். அடுத்த வருடமும் அதே, அதற்கடுத்த வருடமும் அதே. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு தையல்காரர் எழுந்து நின்றார்.

குறியீட்டு அறையில் இருப்பவளாக அவளால் அந்தக் கோப்பைத் தொட முடியாது. ஆனால் மகளாக ஒன்று செய்யலாம். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. கல்லீரல் பிரிவுக்குப் போன் போட்டு அம்மாவின் பெயரில் நேரம் கேட்டாள். 'பழைய முடிவைப் பற்றி விளக்கம் வேண்டும்' என்று காரணம் சொன்னாள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு வந்த கோபத்தில் சமையலறையில் பாத்திரங்கள் தாமாகவே சத்தம் போட்டன.

"யாரைக் கேட்டு வாங்கின?"

"உன்னைக் கேட்டா வேண்டாம்னு சொல்லுவ."

"அந்த அளவுக்குத் தெரிஞ்சிருக்கில்ல? ஒரு பொண்ணைப் பெத்தேன்னு நெனச்சேன், இன்ஸ்பெக்டரைப் பெத்திருக்கேன். உங்கப்பா போனதுக்கப்புறம் இத்தனை வருஷமா அதே ரோடு, அதே சிக்னல், அதே கண்டக்டரோட அதே புலம்பல். கண்ணை மூடிட்டு ஓட்டுவேன் அந்த ரூட்டை. இப்பதான் எனக்குன்னு ஒன்னு கேட்டேன். அதைக் கெடுக்கிறதுக்கு வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கு."

"கெடுக்கலைம்மா."

"பின்ன? ஒன்னுமில்லைன்னு எழுதினவங்க வீட்டுக் கதவைத் தட்டி, நல்லாப் பாருங்க ஏதாவது இருக்கும்னு சொன்னா அதுக்குப் பேர் என்னடி?"

அம்மா சொன்னதில் பாதி உண்மை. தேடிப் போய், அவள் பயந்தது இருந்துவிட்டால், மலைப்பாதையை அம்மாவிடமிருந்து பிடுங்கியது அவளாகத்தான் இருக்கும். தேடாமல் விட்டால் வேறு எதையாவது இழக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் பள்ளம்.

புதன்கிழமை முழுக்க அம்மா அவளோடு பேசவில்லை. வியாழக்கிழமை காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்தபடி வாசலில் நின்றாள்.

"கிளம்பு. அந்த டாக்டர் வாயாலேயே ஒன்னுமில்லைன்னு சொல்ல வைக்கிறேன். அப்புறம் ஆறு மாசத்துக்கு நீ வாயே திறக்கக் கூடாது."

நாலாம் நம்பரை அவள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. பதில்களின் ஓரத்தில் வரும் கையொப்பமாக மட்டுமே தெரிந்தவர், நேரில் கட்டையாக, நரைத்த முடியை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டு, தலைவலிக்குத் தைலம் தடவிய வாசனையோடு இருந்தார். மேசைமேல் பாதி கடித்த ஆப்பிள் பழுப்பேறிக் கிடந்தது.

"உக்காருங்க. பஸ் டிரைவர், இல்லையா? மலைப்பாதை. ஞாபகம் இருக்கு," என்றார்.

அம்மா கொஞ்சம் இறங்கிவந்தாள். "ஆமாங்க டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன். இவதான் நச்சரிச்சா. இவ இங்க கீழதான் வேலை பாக்கிறா, எண்ணு போடுற எடத்துல."

"ஓ. நாலு விடை அனுப்புற ஆட்கள்." டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் கீழ ஒரு பட்டப்பேர் இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

அவள் சுவரில் இருந்த கல்லீரல் படத்தை மிகக் கவனமாகப் பார்த்தாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினார். "கேள்வியை நல்லாத்தான் கேட்டிருக்கார் உங்க ஆள். இந்த எண் எதைக் காட்டுது? கொழுப்பு மட்டுமா, தழும்பா, வேற ஏதாவதா, முடிவு செய்ய முடியலையா? நான் நாலாவதைப் போட்டேன். ஏன்னா எனக்கு நிஜமாவே முடிவு செய்ய முடியலை."

"எண் இவ்வளவு அதிகமா இருக்கும்போதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டாள்.

"எண் அதிகம்தான். ஆனா இவங்க ரத்தத்தைப் பாரு. எல்லாம் சரியா இருக்கு. வயித்தைத் தொட்டுப் பாத்தேன், ஒன்னும் தட்டுப்படலை. கல்லீரல் அவ்வளவு இறுகிப் போயிருந்தா வேற எங்கயாவது அது முணுமுணுத்திருக்கணும். ஒரு சாட்சி கூச்சல் போடுது, மத்த சாட்சியெல்லாம் இல்லைங்குது. யாரை நம்புறது? மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லி அன்னைக்கே எழுதினேன்..." அவர் திரையில் எதையோ தேடினார். நெற்றி சுருங்கியது. "எழுதியிருக்கேன். அனுப்பலை. அப்படியே கிடக்கு. என் தப்புதான். நீங்க வராம இருந்திருந்தா அடுத்த முறை வரும்போதுதான் பாத்திருப்பேன்."

அம்மா மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"சரி, இதைச் சொல்லுங்க. ஸ்கேன் அன்னைக்கு சாப்பிடாம வெறும் வயித்தோடதானே போனீங்க?"

"வெறும் வயிறா? இல்லையே!" என்றாள் அம்மா. "மலைப்பாதைக்குத் தேறிட்டேன்னு அன்னைக்குத்தான் சேதி வந்துச்சு. எதுத்தாப்ல இருக்கிற ஓட்டல்ல இவதான் வாங்கிக் கொடுத்தா. பொரிச்ச கோழி, உருளைக்கிழங்கு, அப்புறம் ஐஸ்கிரீம். இவ பங்கு ஐஸ்கிரீமையும் நான்தான் தின்னேன். சாப்பிட்டு எந்திரிக்கும்போது போன் வந்துச்சு. யாரோ வரலை, ஸ்கேனுக்கு எடம் காலியா இருக்கு, உடனே வாங்கன்னாங்க. ஏப்பம் விட்டுக்கிட்டேதான் படுத்தேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "சாப்பிட்ட உடனே எடுத்தா கல்லீரலுக்கு ரத்தம் அதிகமா ஓடும். எண் ஏறும். அதுக்குத்தான் வெறும் வயித்தோட வரச் சொல்றது."

"ஆனா அறிக்கையில வெறும் வயிறு ஆம்னு போட்டிருக்கே," என்றாள் மகள்.

"அந்த இயந்திரம் அதுவாவே ஆம்னு போட்டுக்கும். யாராவது மாத்தினாத்தான் மாறும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"டாக்டர், இவ என் எதுத்தாப்லதான் உக்காந்திருந்தா. எலும்பெல்லாம் இவ தட்டுலதான் போட்டேன். அப்புறம் அந்தக் காகிதத்தை நாலு நாள் வச்சு வச்சுப் படிச்சா. வெறும் வயிறுன்னு இருந்ததைப் படிச்சுட்டு, ஒரு தடவைகூட இவளுக்கு அந்தக் கோழி ஞாபகம் வரலை!"

அவளுக்குக் காது சுட்டது. உண்மைதான். அவள் அந்த வரியைப் படித்திருந்தாள். ஒவ்வொரு முறையும் படித்திருந்தாள். எழுதப்பட்டது எதுவோ அதுவே நடந்தது என்று பழகிய கண். ஓட்டலில் அம்மாவின் உதட்டோரம் ஒட்டியிருந்த ஐஸ்கிரீமைத் தன் கைக்குட்டையால் துடைத்தது நன்றாக நினைவிருந்தது. அது ஒரு அறையிலும், அந்த அறிக்கை வேறொரு அறையிலும் இருந்தன. நடுவில் கதவு இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போனபோது அவள் கூடப் போகாமல் அங்கேயே இருந்துவிட்டாள்.

"டாக்டர், ஒன்னு கேக்கலாமா? அந்தக் கேள்வியில நாலு விடை இல்லாம, தழும்பு இருக்கிற மாதிரி தெரியுது, சேர்த்துடுங்கன்னு மட்டும் வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

டாக்டர் ஆப்பிளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"வேற நாளா இருந்தா திட்டியிருப்பேன். அன்னைக்கு இருந்த கூட்டத்துல... எண்ணும் இருக்கு, கேக்குறவங்களும் சொல்றாங்கன்னு சரின்னு போட்டிருப்பேன். போட்டிருக்கக் கூடாது. ஆனா போட்டிருப்பேன்."

அவள் தலையாட்டினாள். கைப்பைக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதம் இன்னும் கிடந்தது. அதை வெளியே எடுக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. தழும்புக்கான, கே 74 என்று ஆரம்பிக்கும் ஒரு குறியீடு, அம்மாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டு பணிமனைக்குப் போயிருக்கும். தட்டை வைத்து வளைவு பழகிய கைகள் கண்ணாடிக்குப் பின்னால் சில்லறை எண்ணியிருக்கும். எல்லாம் அன்பினால் நடந்திருக்கும்.

படியிறங்கி அறைக்குப் போனதும் ஆமையின் மேசை முன் நின்றாள்.

"நான் உன்கிட்ட கொடுத்த அந்தச் சீட்டு..."

"எந்தச் சீட்டு? எனக்கு எந்தச் சீட்டும் ஞாபகம் இல்ல," என்றான் திரையிலிருந்து கண் எடுக்காமல்.

"முட்டை இருக்கா?"

"இன்னைக்கு ரொட்டிதான். பாதி தரேன். திட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

மறு ஸ்கேன் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. இந்த முறை அம்மா முந்தைய இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. மகள் வீட்டுச் சமையலறைக் கதவின் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணியாவது கொடுடி, ஜெயிலர்."

"ரெண்டு வாய் குடி."

"ரெண்டு வாயா? என் கல்லீரல் கொழுப்பு கரையுதோ இல்லையோ, உன் மேல இருக்கிற பாசம் கரைஞ்சுடும் போலிருக்கு."

ஸ்கேன் அறை வாசலில், தொழில்நுட்பர் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா உள்ளே போகாமல், முதலில் அவரிடம் விரலை நீட்டினாள். "தம்பி, நான் வெறும் வயிறு. நிஜமாவே வெறும் வயிறு. அந்த மெஷினை நம்பாதீங்க, என்னைக் கேட்டு எழுதுங்க." அவர் பயந்துபோய் "சரிங்கம்மா, கேட்டே எழுதுறேன்" என்றார்.

கதவு சாத்தியது. அவள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் எண் பொய் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. சாப்பிட்டால் எண் ஏறும் என்றார் டாக்டர். எவ்வளவு ஏறும் என்று சொல்லவில்லை. ஒரு கோழிக்கும் ஐஸ்கிரீமுக்கும் எவ்வளவு கழிக்கலாம்? உள்ளே இயந்திரம் அம்மாவின் விலாமேல் தட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. யாரோ கதவைத் தட்டி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதுபோல. அம்மா, நீயே பதில் சொல்லு என்று அவள் நினைத்துக்கொண்டாள். இந்த முறை வேறு யாரும் உனக்காகச் சொல்ல வேண்டாம்.

எண் ஆறு புள்ளி இரண்டு.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். மற்ற சோதனைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, வெளியே கூட்டம் இருந்தும், அவசரப்படாமல் தட்டச்சு செய்தார். 'கல்லீரலில் கொழுப்பு. உடல் எடையோடு தொடர்புடையது. மதுப்பழக்கம் இல்லை. முந்தைய அளவீடு உணவுக்குப் பின் எடுக்கப்பட்டது, கணக்கில் கொள்ள வேண்டாம். வெறும் வயிற்றில் எடுத்த அளவீட்டின்படி, மற்ற சோதனைகளோடும் சேர்த்துப் பார்க்கையில், குறிப்பிடத்தக்க தழும்பு இல்லை. எடை குறைக்க வேண்டும். ஒரு வருடத்தில் மறுபடி சோதனை.'

அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். "இதுக்கு என்ன எண்ணு போடுவாங்க?" என்று மகளைக் கேட்டாள்.

"போன தடவை போட்ட அதே எண்ணுதான்."

"அதே எண்ணா? இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு அப்புறமா?"

"அதேதான்மா. ஆனா இப்ப அது தெரிஞ்சு போடுற எண்ணு."

அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்து, கிள்ளுவதா தட்டுவதா என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டையும் செய்தாள். "பயந்துட்டியாடி?"

"ரொம்ப."

"நானும்தான். உன்கிட்ட காட்டிக்கக் கூடாதுன்னுதான் கத்தினேன்."

"கொழுப்பு இருக்கு, மறந்துடாதீங்க," என்றார் டாக்டர். "இதுல சந்தோஷப்பட்டுட்டு மறுபடி கோழிக்கடைக்குப் போயிடக் கூடாது. இப்ப கவனிச்சா இது திரும்பிப் போயிடும். கல்லீரல் அப்படி ஒரு நல்ல உறுப்பு. மன்னிக்கத் தெரிஞ்சது."

"என் மகளை மாதிரி இல்லைன்னு சொல்லுங்க," என்றாள் அம்மா.

பணிமனை மருத்துவர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை எழுதி, முத்திரை குத்தினார். மலைப்பாதையின் உச்சியில் பேருந்து திரும்புமுன் ஓட்டுநருக்கு நல்ல இடைவெளி உண்டு. மற்றவர்கள் அப்போது தூங்குவார்கள். அம்மா அந்த நேரத்தில் இறங்கி, காட்டு இலாகாவின் வேலி ஓரமாக நடந்து திரும்பப் போவதாகச் சொன்னாள். அதற்காகப் புதுக் காலணி வாங்கினாள். அது கடிக்கிறது என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாள்.

அம்மா மலைப்பாதையில் ஓட்டும் முதல் நாள், அவள் தன் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, நகர எல்லையில் சாலை ஏற ஆரம்பிக்கும் இடத்தில் போய் நின்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை. பனி இன்னும் முழுக்கக் கலையாமல், மலை பாதிவரை மட்டும் வரைந்து விட்டுவிட்ட படம்போல் இருந்தது.

பச்சைப் பேருந்து வந்தது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, உதட்டைக் கடித்தபடி அம்மா. அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். அம்மா பார்க்கவில்லை. கண் முதல் வளைவில் இருந்தது. கைகள் மெல்லத் திரும்பின. அந்தப் பெரிய வண்டி, சொன்னபடி கேட்டு, உடம்பை வளைத்து மேலே ஏறியது.

கடைசி ஜன்னலில் இருந்த யாரோ ஒரு குழந்தை மட்டும் அவளுக்குக் கையாட்டியது.